வலிக்கிறது என்று சொன்னால் போதாது

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி எலப்புள்ளியில் இறங்கினால் காதில் விழுவது பாதி மலையாளம், பாதி தமிழ். கடையில் "சாயா" என்று கேட்டாலும் கிடைக்கும். "டீ" என்று கேட்டாலும் கிடைக்கும். கத்தரிக்காய் வாங்குவதற்கு மொழி தடையாக இருப்பதில்லை. கூலி பேசுவதற்கும் இல்லை. டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்து, உடம்பில் என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டியபோதுதான் மொழி தடையாகிறது. அந்தத் தடையைப் பற்றியும், நம்மில் பலர் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு வைத்திய முறையைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது போகப் போகத் தெரியும்.

எலப்புள்ளியில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. பட்டறை ஒன்றில் வேலை பார்த்தபோது இயந்திரத்தில் கை சிக்கி, வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. புண் ஆறி இரண்டு வருஷம் ஆகிறது. பார்ப்பவர்களுக்கு அது பழைய கதை. அவருக்கோ ஒவ்வொரு இரவும் புதுக் கதை. "இல்லாத விரலு எரியுதுங்க. கரண்டு புடிச்ச மாதிரி சுரீர்னு இழுக்குது. சட்டைக் கை பட்டாக்கூட உசிரு போகுது. இதைப் போயி டாக்டர்கிட்ட சொன்னா சிரிப்பாங்களோன்னு சொல்றதே இல்லீங்க" என்றார்.

"பின் என்னதான் சொல்வீர்கள்?" என்று கேட்டேன்.

"கை வலிக்குதுன்னு சொல்லுவேன். மாத்திரை எழுதித் தருவாங்க."

அந்த மாத்திரை தீர்ந்ததும் மெடிக்கல் ஷாப்பில் 'செட்டு மாத்திரை' வாங்கிக்கொள்கிறார். வேலைக்குப் போகும் வழியில் ஒரு செட்டு, திரும்பும் வழியில் ஒரு செட்டு. அவர் ஒருவர் மட்டும் இல்லை. எல்லையோரத்தில் உடம்பை மூலதனமாக வைத்துப் பிழைக்கிற நம்மவர்களில் பலருக்கு இதுதான் வைத்தியம்.

வலியில் இரண்டு ஜாதி

செட்டு மாத்திரையில் பெரும்பாலும் இருப்பது வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் மருந்து ஒன்று. சில கடைகளில் அதோடு ஸ்டீராய்டும் சேர்ந்து வரும். மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டால் முதல் வகை மருந்து இரண்டு நாளைக்கு உதவும். மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்தில் கெடுதலும் வரும். ஸ்டீராய்டை இப்படி விழுங்கினால் சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும். இவ்வளவு கெடுதலையும் ஏற்றுக்கொண்டு சாப்பிட்டாலும், இல்லாத விரலின் எரிச்சல் அதில் அடங்குவதில்லை.

ஏன்? வலி எல்லாம் ஒரே ஜாதி இல்லை என்பதுதான் காரணம்.

தசை, எலும்பு, மூட்டு இவற்றில் அடிபட்டோ தேய்ந்தோ வருவது ஒரு வகை. அங்கே நரம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அடிபட்ட இடத்திலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறது, அவ்வளவுதான். இன்னொரு வகையில் செய்தி கொண்டுபோகும் நரம்பே கெட்டுப்போயிருக்கிறது. அடிபட்ட இடம் ஆறிவிட்டாலும், சிலரிடம் அந்த அவயவமே இல்லாமல் போய்விட்டாலும், நரம்பு தானாகவே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். சர்க்கரை வியாதிக்காரர்களின் உள்ளங்கால் எரிச்சல், அக்கி வந்து ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் குத்தல், நரம்பு அறுபட்ட கையில் ஷாக் அடிப்பது போன்ற வலி எல்லாம் இந்த ஜாதி.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை உலக சுகாதார ஸ்தாபனம் இப்போது தன் நோய்ப் பட்டியலில் தனியாக இடம் கொடுத்துச் சேர்த்திருக்கிறது. 2022 முதல் நடைமுறையில் உள்ள அந்தப் பட்டியலில் நரம்பு வலிக்குத் தனிப் பிரிவே உண்டு. அதாவது, நாள்பட்ட வலி வேறொரு நோயின் அடையாளமாக மட்டும் இல்லாமல் தானே ஒரு நோயாகவும் இருக்கலாம் என்பதை உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரும் மேஸ்திரியும்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பல் டாக்டரின் மருந்து

இப்போது வைத்திய முறைக்கு வருவோம். பல் பிடுங்கியவர்களுக்கும் காயத்துக்குத் தையல் போட்டுக்கொண்டவர்களுக்கும் ஒரு மருந்து தெரிந்திருக்கும். அந்த இடத்தை மரத்துப்போகச் செய்ய டாக்டர் போடும் ஊசி அது. அதன் பெயர் லிக்னோகெயின். லிடோகெயின் என்றும் சொல்வார்கள். சைலோகெயின் என்பது வியாபாரப் பெயர்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் சுவீடன் நாட்டவர்கள். 1930-களில் ஸ்டாக்ஹோமில் பார்லிச் செடியிலுள்ள ஒரு பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதே இனத்துப் பொருள் ஒன்றைத் தயாரித்த எர்ட்மன் என்ற ரசாயன நிபுணர், நாக்கில் வைத்துப் பார்த்தபோது நாக்கு மரத்துப்போயிற்று. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போன நில்ஸ் லோஃப்கிரன் 1943-இல் லிக்னோகெயினைத் தயாரித்தார். அவருடைய இளைய சகா பெங்ட் லுண்ட்குவிஸ்ட் அதைத் தன் உடம்பிலேயே ஊசியாகப் போட்டுச் சோதித்தார். 1948-இல் மருந்து விற்பனைக்கு வந்தது. பிறகு, இதயத் துடிப்பு தாறுமாறாகப் போகும்போது இரத்தக் குழாய் வழியாக இதை ஏற்றினால் துடிப்பு சீராகிறது என்று தெரிந்து, மாரடைப்பு வார்டுகளில் பல வருஷம் பயன்பட்டது.

ஆக, இந்த மருந்தை இரத்தத்தில் ஏற்றுவது புதிய சங்கதி இல்லை. அப்படி ஏற்றினால் கெட்டுப்போன நரம்பின் வலியும் அடங்குகிறது என்பதைத்தான் டாக்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டார்கள். 1987-இல் டென்மார்க்கில் சர்க்கரை வியாதியால் நரம்பு கெட்டு அவதிப்பட்டவர்களுக்கு அரைமணி நேரம் இதை ஏற்றிப் பார்த்தார்கள். வலி குறைந்தது மட்டும் இல்லை. அந்தக் குறைவு ஆளுக்கு ஆள் 3 நாள் முதல் 21 நாள் வரை நின்றது.

இது எப்படி வேலை செய்கிறது? நம் ஊர்க் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். நரம்பின் சுவரில் பொடிப் பொடியாக மதகுகள் இருக்கின்றன. அவை திறந்து, உப்பிலுள்ள சோடியம் உள்ளே பாயும்போதுதான் நரம்பில் செய்தி ஓடுகிறது. நல்ல நரம்பில் தேவைப்படும்போது மட்டும் மதகு திறக்கும். கெட்ட நரம்பில் ஷட்டர் பழுதாகி எந்நேரமும் கசிந்துகொண்டிருக்கும். அந்தக் கசிவுதான் எரிச்சலாகவும் ஷாக்காகவும் தெரிகிறது. இரத்தத்தில் அளவாக ஏறிய லிக்னோகெயின், கசிகிற மதகுகளை அடைக்கிறது. நல்ல மதகுகளை அந்த அளவில் பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. அதனால்தான் கை கால் மரத்துப்போகாமலே வலி மட்டும் குறைகிறது. மருந்து ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். சுகம் மட்டும் பல நாள் நிற்பது ஏன் என்பது விஞ்ஞானிகளுக்கே இன்னும் முழுதாக விளங்கவில்லை. ஓயாமல் வந்த செய்தியால் முறுக்கேறிக் கிடந்த தண்டுவடமும் மூளையும் சற்றே இளகுவதால் இருக்கலாம் என்கிறார்கள்.

கேரளம் காட்டிய வழி

வெளிநாட்டுக் கதை போதும், நம் பக்கத்தில் என்ன என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

வலியைக் குறைப்பதைத் தனி வைத்தியமாக எடுத்துக்கொள்வதில் இந்தியாவுக்கே வழி காட்டியது, நாம் பிழைக்க வந்திருக்கும் இந்தக் கேரளம். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலி நிவாரணத்துக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ராஜகோபால் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷன் மேஜையில் ஒரு மணி நேரத்துக்கு வலியை இல்லாமல் செய்யத் தெரிந்தவர், வீட்டில் கிடந்து மாதக்கணக்கில் துடிக்கிறவர்களையும் கவனித்தார். பிறகு ஊர் ஊராகத் தொண்டர்கள் சேர்ந்தார்கள். 2008-இல் கேரள அரசாங்கம் இதற்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. இன்று பஞ்சாயத்து மூலம் நர்ஸ் வீட்டுக்கு வந்து, படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்கிறார்.

அதே ராஜகோபாலும் வேறு சில இந்திய மருத்துவர்களும் சேர்ந்து லிக்னோகெயின் பற்றிய ஓர் ஆய்வை 2009-இல் வெளியிட்டார்கள். மார்ஃபின் போன்ற கடும் மருந்துக்கும் அடங்காத வலியுடைய புற்றுநோயாளிகள் 50 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை லிக்னோகெயின், இன்னொரு தடவை மருந்தில்லாத திரவம் ஏற்றப்பட்டது. எந்தத் தடவை எது என்று நோயாளிக்கும் தெரியாது, கவனித்த டாக்டருக்கும் தெரியாது. உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் 20 நிமிஷத்தில். பிறகு அதே அளவு ஒரு மணி நேரத்தில். மருந்து ஏற்றியபோது வலி தெளிவாகக் குறைந்தது. ஏற்ற ஆரம்பித்துச் சராசரியாக 40 நிமிஷத்தில் சுகம் தெரிந்தது. ஒரே ஒரு தடவை ஏற்றியதன் பலன் சராசரியாக 9 நாள் நின்றது. காதில் இரைச்சல், வாயைச் சுற்றி மரத்துப்போதல், தலைச்சுற்றல், தூக்கக் கலக்கம் ஆகியவை வந்து தாமாகவே போயின.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 240 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இருக்கும். ஆக 12 மில்லி. இது ஒரு சாதாரணப் புட்டியில் பாதிகூட ஆகாது. மருந்துக்கு ஆகும் செலவு ஒரு கூலிக்காரரின் ஒருநாள் கூலியில் சிறு பங்குதான். போதைப் பழக்கத்தை உண்டாக்கும் மருந்தும் இல்லை. விலை மலிவு, காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆகவே இதைப் பற்றி ஊர் ஊராகச் சொல்லி விற்பதில் எந்தக் கம்பெனிக்கும் லாபம் இல்லை. நாம்தான் நமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

இது சஞ்சீவி இல்லை

சொல்லும்போது முழுதாகச் சொல்ல வேண்டும். இது எல்லா வலிக்கும் மருந்து இல்லை. மூணாறிலும் பீர்மேட்டிலும் காலை முதல் மாலை வரை கொழுந்து சுமந்து நடக்கிற பெண்களின் முழங்கால் வலி, தோள் வலி பெரும்பாலும் மூட்டும் தசையும் சார்ந்தது. அதற்கு வேண்டியது சுமைக் குறைப்பும், ஓய்வும், பயிற்சியும். இந்த டிரிப் இல்லை. நரம்பு வலிக்காரர்களிலும் எல்லோருக்கும் கேட்பதில்லை. 2005-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு, இது போலி மருந்தைவிட மேலானது, கண்காணிப்புடன் கொடுத்தால் ஆபத்தில்லாதது என்று சொன்னது உண்மை. ஆனால் ஆய்வுகள் சிறியவை. மாதக்கணக்கில் பயன் நீடிக்கும் என்பதற்கு வலுவான சான்று இன்னும் சேரவில்லை.

வரிசையும் ஒன்று உண்டு. நரம்பு வலிக்கு முதலில் கொடுப்பது அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற மாத்திரைகள். அவையும் விலை குறைந்தவைதான். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மாத்திரை என்பதால், "எனக்கென்ன பைத்தியமா?" என்று தூக்கி எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வலிக்குக் கொடுக்கும் அளவு வேறு, காரணம் வேறு. அதைப் பொறுமையாகச் சாப்பிட்டுப் பார்த்தும் தீராதவர்களுக்குத்தான் டிரிப் பற்றிய பேச்சு.

மிக முக்கியமான எச்சரிக்கை இனிமேல்தான் இருக்கிறது. "நரம்பு ஊசி போடுகிறேன், ஐந்நூறு ரூபாய் கொடு" என்று எவராவது ஓட்டு வீட்டில் வைத்து இந்த மருந்தை ஏற்ற முன்வந்தால் எழுந்து ஓடிவிடுங்கள். அளவு கூடினாலோ வேகம் கூடினாலோ வலிப்பு வரும். இதயம் நின்றும் போகலாம். தையலுக்கு வரும் சில புட்டிகளில் அட்ரினலின் கலந்திருக்கும். அதை இரத்தத்தில் ஏற்றவே கூடாது. இதயத் துடிப்பில் தடை உள்ளவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், குடியாலோ காமாலையாலோ ஈரல் கெட்டவர்கள் இவர்களுக்கெல்லாம் இது ஏற்றதில்லை, அல்லது மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். இதயத்தைக் காட்டும் மானிட்டர், ஆக்ஸிஜன், அளவாகச் சொட்டவிடும் பம்பு, பக்கத்திலேயே மயக்க மருந்து டாக்டர் இருக்க வேண்டும். விஷமானால் முறிப்பதற்கு 20 சதவீதக் கொழுப்புக் குழம்பு கையிருப்பில் இருக்க வேண்டும். மருந்து மலிவு என்றாலும், அதைப் பத்திரமாகக் கொடுக்கிற இடம் ஆஸ்பத்திரி ஒன்றுதான்.

மொழி எங்கே வருகிறது?

ஆரம்பத்தில் சொன்ன சம்பந்தத்துக்கு இப்போது வருகிறேன்.

எலும்பு முறிந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். சர்க்கரை கூடினால் இரத்தத்தில் தெரியும். நரம்பு வலி எந்தப் படத்திலும் நேராகத் தெரிவதில்லை. அதை அடையாளம் காண்பது பெரும்பாலும் நோயாளியின் வாய்ச்சொல்லால்தான். பிரெஞ்சு மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட ஒரு வினாத்தாள் இப்போது பல நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது. அதில் பத்துக் கேள்விகள். எரிகிறதா, சில்லென்று வலிக்கிறதா, ஷாக் அடிக்கிறதா, ஊறுகிறதா, ஊசி குத்துகிறதா, மரத்திருக்கிறதா, அரிக்கிறதா என்ற ஏழும் நோயாளி வாயால் சொல்ல வேண்டியவை. மீதி மூன்றுதான் டாக்டர் தொட்டும் குத்தியும் பார்ப்பவை. பத்தில் நான்குக்கு 'ஆமாம்' வந்தால் நரம்பு வலியாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பத்தில் ஏழு மார்க் வார்த்தைக்கு. அந்த வார்த்தைதான் நம்மவர்களிடம் தடுக்கி நிற்கிறது.

தமிழில் 'வலி' என்றால் நோவு. மலையாளத்தில் 'வலி' என்றால் இழுப்பு. மூச்சு இழுப்பை 'வலிவு' என்பார்கள். நாம் வலி என்பதை அவர்கள் 'வேதனை' என்கிறார்கள். நமக்கோ வேதனை என்றால் பாதி மனக் கஷ்டம். நாம் மதமதப்பு என்பது அங்கே 'தரிப்பு'. மரத்துப்போதல் 'மரவிப்பு'. எரிச்சல் 'புகச்சில்'. குடைச்சல் 'கடச்சில்'. இருபது வருஷம் இங்கே இருந்தவருக்கும் சாமான் பெயர் எல்லாம் தெரியும், இவை தெரியாது. தெரியாததால் எல்லாவற்றையும் சுருக்கி "வலிக்குது" என்று முடித்துவிடுகிறார். வெளியே நூறு பேர் வரிசையில் நிற்கும்போது டாக்டரும் அதற்குத் தகுந்த மாத்திரையை எழுதிவிடுகிறார். இருவர் மீதும் குற்றம் இல்லை. ஆனால் மருந்து மாறிப்போகிறது.

டிரிப் ஏறும்போதும் இதே கதைதான். மருந்து மிஞ்சுகிறது என்பதற்கு முதல் அடையாளங்கள் உதடு மரத்தல், வாயில் இரும்பு ருசி, காதில் இரைச்சல், நாக்குக் குழறல். இவற்றில் பலவும் படுத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். அவர் வாய் திறந்து சொன்னால் உடனே நிறுத்திவிடலாம். நர்ஸ் கேட்பது புரியாமல், அல்லது "சொன்னால் ஏதாவது நினைத்துக்கொள்வார்கள்" என்று கூச்சப்பட்டு, பேசாமல் படுத்திருப்பவருக்குத்தான் ஆபத்து. இந்த வைத்தியத்தில் மொழி மரியாதைக்குரிய விஷயம் மட்டும் இல்லை; உயிர் காக்கும் விஷயமும்கூட.

செய்ய வேண்டியது என்ன?

கேட்கிற உரிமை நமக்கு இல்லாமல் இல்லை. குறையைச் சொல்லும் மனுவை, நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு சொல்கிறது. 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டமே, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசாங்கத்துடன் தங்கள் மொழியில் கடிதம் எழுத இடம் வைத்தது. சித்தூர் தாலுகாவிலும் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலையிலும் தமிழர்கள் இன்று நேற்று வந்தவர்கள் இல்லை.

என் கோரிக்கை மூன்றுதான். முதலாவது: பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் ஆபரேஷன் தியேட்டரும் மயக்க மருந்து டாக்டரும் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வாரம் ஒரு நாளாவது நாள்பட்ட வலிக்கென்று தனி ஓ.பி. வேண்டும், ஏற்கெனவே நடக்கிற இடத்தில் அதன் நாளும் நேரமும் தமிழிலும் எழுதி மாட்டப்பட வேண்டும். மானிட்டரும் ஆக்ஸிஜனும் தியேட்டரில் இருப்பவைதான். புதுக் கட்டிடம் வேண்டியதில்லை. டாக்டர்களுக்கு வேலைப்பளு அதிகம் என்பது நியாயமான பதில்தான். ஆனால் சரியான வலிக்குச் சரியான மருந்து ஒரு தடவை கிடைத்தவர், தவறான மாத்திரைக்காகப் பத்துத் தடவை வரிசையில் வந்து நிற்க மாட்டார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது: வலியின் வகைகளைத் தமிழிலும் மலையாளத்திலும் எதிர் எதிராக அச்சிட்ட ஒரே ஒரு தாள். நோயாளி விரலை வைத்துக் காட்டினால் போதும். அச்சுச் செலவு எவ்வளவு ஆகிவிடும்?

மூன்றாவது: படுக்கையில் விழுந்தவர்களைத் தேடிப் போகிற கேரளத்தின் அருமையான ஏற்பாடு, விழாமல் வலியோடு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவரையும் தன் பட்டியலில் சேர்க்க வேண்டும். நடக்கிறார் என்பதால் அவருக்கு நோய் இல்லை என்று ஆகிவிடாது. நடக்காவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது, அதனால்தான் நடக்கிறார்.

அரசாங்கம் செய்யும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. இந்தப் பத்திரிகையை வாசிக்கிற குமாஸ்தா நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மனு எழுதிக் கொடுக்கிறோம், மணியார்டர் பாரம் எழுதிக் கொடுத்த காலமும் உண்டு. அதே போல, உங்கள் தெருவில் மாதக்கணக்கில் வலியோடு இருப்பவருக்கு ஒரு தாளில் ஐந்து வரி எழுதிக் கொடுங்கள். எங்கே வலி, எத்தனை மாதமாக, எரிச்சலா, ஷாக்கா, ஊசிக்குத்தா, மரப்பா, துணி பட்டால் கூடுகிறதா, இரவில் எழுப்புகிறதா, இதுவரை சாப்பிட்ட மாத்திரைகள் என்ன. மலையாளத்தில் எழுதத் தெரிந்தால் மிகவும் நல்லது. தெரியாவிட்டால் இங்கிலீஷில் எழுதுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அந்தத் தாளோடு டிஸ்பென்சரிக்குப் போய், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்படி கேட்கலாம்.

எலப்புள்ளி நண்பருக்கும் அப்படி ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். இல்லாத விரல் எரிகிறது என்பதை முதல் வரியாகவே எழுதினேன். டாக்டர் அதைப் படித்தார், சிரிக்கவில்லை. பஞ்சால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். இவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். செட்டு மாத்திரையை நிறுத்தச் சொல்லி, இரவில் சாப்பிட வேறு மாத்திரை எழுதினார். இதில் கேட்காவிட்டால் டிரிப் பற்றி மயக்க மருந்து டாக்டரிடம் பேசலாம், அதற்கு முன் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்றாராம். டிரிப் தேவைப்படுமா, படாதா என்பது இனிமேல்தான் தெரியும்.

"கேட்டாருங்க. முழுசாக் கேட்டாருங்க" என்று நண்பர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். அந்தத் தாளை மடித்து, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த தடவை போகும்போதும் அது வேண்டும்.